அழைப்பு மணி அடித்தால் நிறுத்த முடியுமா? கேம் வகைகள் ஓர் ஒப்பீடு

புதிதாக ஒரு கேம் வாங்கலாம் என்று உட்காருகிறவரை முதலில் குழப்புவது வகைப் பெயர்கள்தான். ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்ற பெயர் கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. டர்ன் பேஸ்டு ஸ்ட்ரேட்டஜி என்பது விதியைச் சொல்கிறது. ஹாரர் என்பது வயிற்றில் என்ன கலங்கும் என்று சொல்கிறது. ரோக்லைக் என்பதோ 1980-ல் வந்த ரோக் என்ற கேமின் வாரிசு நான் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. ஒருவரை உயரத்தை வைத்தும், இன்னொருவரைத் தொழிலை வைத்தும், மூன்றாமவரைத் தாத்தா பெயரை வைத்தும் அடையாளம் காட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது கேம் கடையின் பட்டியல்.

அதனால் "எனக்கு ஷூட்டர் சரிவருமா, ஆர்பிஜி (ரோல் பிளேயிங் கேம்) சரிவருமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். விளையாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் அழைப்பு மணி அடித்தால் என்ன செய்வீர்கள்?

## எதை வைத்து எடைபோடுவது

மேலே கேட்டதுதான் முதல் அளவுகோல். ஒரு கேமை முடிக்க மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. 100 மணி நேர கேமைக்கூட தினமும் 20 நிமிடமாக ஒரு வருடத்தில் முடிக்கலாம், அது 20 நிமிடத்தில் நிறுத்த விட்டால். உட்கார்ந்தால் குறைந்தது எவ்வளவு நேரம் எழுந்திருக்க முடியாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, மூன்று வாரம் தொடாமல் விட்டுத் திரும்பினால் என்ன ஆகும். சில கேம்கள் விட்ட இடத்தில் அப்படியே காத்திருக்கும். சிலவற்றில் கேம் காத்திருக்கும், நாம் மறந்திருப்போம்.

மூன்றாவது, கைக்கு வேலையா, மூளைக்கு வேலையா. நாள் முழுக்க யோசித்துக் களைத்தவருக்கு இன்னொரு கணக்குப் புதிர் எதற்கு? அப்புறம், தனியாகவா கூட்டமாகவா. கூட்டம் என்றால் தெரிந்தவர்களா, முகம் தெரியாதவர்களா.

கடைசியாக, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்: மாதச் சந்தா, கூடுதல் பாகங்கள், டிஸ்க் இடம், தனிக் கருவிகள், தூக்கம். இதோடு உடம்பையும் சேர்க்க வேண்டும். சிலருக்கு முதல் நபர் பார்வையில், அதாவது நாயகனின் கண் வழியாகவே பார்த்து, ஓடும் கேம் பத்து நிமிடத்தில் குமட்டலைக் கொண்டுவரும். கண் "ஓடுகிறோம்" என்கிறது, உட்செவி "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது, இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது.

## ஷூட்டர்

சுடும் கேம் எல்லாம் ஒரே வகை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 1993-ன் டூமும் 1998-ன் ஹாஃப் லைஃபும் முதன்மையாகத் தனியாள் விளையாட்டுகள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, சேவ் செய்துவிட்டு எழுந்து போகலாம். அந்த வழியில் வரும் கதை ஷூட்டர்கள் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான், பத்துப் பதினைந்து மணி நேரத்தில் முடிந்தும்விடும். வேலைக்குப் போய்வருகிற ஒருவருக்கு இது நல்ல தேர்வு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நல்ல தேர்வுதான்.

ஆன்லைன் ஷூட்டர் வேறு ஜாதி. கவுன்டர் ஸ்டிரைக் 2-ல் ஒரு சுற்று பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் 13 சுற்றை முதலில் வெல்லும் அணிக்குத்தான் ஆட்டம். ஆக முக்கால் மணி நேரம் வரை நீங்கள் நாற்காலிக்குச் சொந்தம். ஒரு சுற்றின் முதல் பத்து விநாடியில் செத்துவிட்டால் அந்தச் சுற்று முடியும் வரை மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பப்ஜி போன்ற, கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயிக்கும் பேட்டில் ராயலில் இந்த ஒரு விஷயம் மேல். 100 பேர் இறங்குகிறார்கள், தனியாக இறங்கினால் செத்ததும் வெளியே வந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு இணைய இணைப்பு. திரையில் எதிரி தெரிந்து, நீங்கள் சுட்டு, அந்தத் தகவல் சர்வருக்குப் போய்ச் சேரும் முன் அவர் சுவருக்குப் பின்னால் போயிருப்பார். பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், அதிகமுள்ள இணைப்பில் எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தக் கோபம் தீராது. தலை சுற்றுகிறவர்கள் அமைப்புகளில் பார்வைக் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, நடக்கும்போது தலை ஆடும் வசதியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

## மோபா

ஐவர் அணி இரண்டு, ஒரு மைதானம், எதிரியின் தலைமையகத்தை உடைக்க வேண்டும். 2009-ல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வந்தது, 2013-ல் டோட்டா 2. இரண்டுக்கும் மூலம் வார்கிராஃப்ட் 3-க்கு ரசிகர்கள் செய்த ஒரு மாற்று வரைபடம்.

அழைப்பு மணி கதை இங்கே நடந்ததுதான். இந்த வகை ஆட்டம் ஒன்றில் 35-வது நிமிடம். இரண்டு அணியும் சமமாக நின்றிருந்தோம். அடுத்த மோதலில் யார் ஜெயித்தாலும் ஆட்டம் முடிந்தது. மணி அடித்தது. காதில் விழாத மாதிரி இருந்தேன். இரண்டாம் முறை அடித்தது. எழுந்து போய், ஒரு பார்சலை வாங்கி, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். திரையில் என் ஆள் தரையில் கிடந்தான், எங்கள் கோபுரங்கள் சரிந்துகொண்டிருந்தன, சாட் பெட்டியில் நால்வரும் என் பரம்பரையையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானதுதான். நால்வரின் முக்கால் மணி நேரத்தை ஒரு பார்சலுக்காக வீணடித்திருந்தேன்.

அமைப்பே அப்படி. நடுவில் விட்டுப் போகிறவர்களுக்குத் தண்டனை உண்டு. டோட்டா 2-ல் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் எதிரணியும் அதை விடுவிக்கலாம். கற்றுக்கொள்ளவும் நாளாகும். நூற்றுக்கும் மேற்பட்ட நாயகர்கள், ஆளுக்கு நான்கைந்து திறமைகள், அவற்றை எதிர்க்கும் பொருட்கள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யும் வரை ஏன் செத்தோம் என்றே புரியாது. சில மாதம் விட்டுத் திரும்பினால் விதிகளே மாறியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஏன் விளையாடுகிறார்கள் என்றால், இலவசம், சாதாரணக் கணினியிலும் ஓடும், நான்கு நண்பர்களோடு பேசிக்கொண்டே ஜெயிக்கும்போது கிடைக்கும் கிளர்ச்சிக்கு ஈடு வேறு எந்த வகையிலும் இல்லை. நிலையாக நான்கு நண்பர்கள், யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரம், இரண்டும் உள்ளவர் தாராளமாக இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

## ஸ்ட்ரேட்டஜி

இதிலும் இரண்டு உலகம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்ற ரியல் டைம் ஸ்ட்ரேட்டஜியில் கடிகாரம் நிற்காது. 1999-ல் வந்த இந்த கேமைப் பார்க்கிறவர்கள் அமைதியான கிராமம் என்று நினைப்பார்கள். ஆன்லைனில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கிராமவாசி உருவாக 25 விநாடி. அவர் வெளியே வந்ததும் அடுத்தவருக்கு உத்தரவு போயிருக்க வேண்டும், அதற்குள் வீடு கட்டியிருக்க வேண்டும், ஆட்டுக்குட்டி முடிந்துவிட்டதா பார்க்க வேண்டும், குதிரை வீரனை வரைபடம் முழுக்க ஓட்ட வேண்டும். மூளை போடும் திட்டத்தைக் கை துரத்திக்கொண்டே இருக்கும் வகை இது. கணினியை எதிர்த்துத் தனியாக விளையாடினால் இத்தனை அவசரம் இல்லை, நிறுத்தியும் வைக்கலாம்.

1991-ல் சிட் மையர் தொடங்கிவைத்த சிவிலைசேஷன் வரிசை இதற்கு நேர் எதிர். நீங்கள் நகர்த்தும் வரை உலகமே காத்திருக்கும். சமைத்துக்கொண்டே விளையாடலாம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விளையாடலாம். மணி அடித்தால் எழுந்து போய் அரை நாள் கழித்தும் வரலாம். காகிதத்தில் பார்த்தால் வேலைப்பளு உள்ளவருக்கு இதைவிடப் பொருத்தமான வகை கிடையாது.

காகிதத்தில் மட்டும்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதாலேயே எப்போதும் நிறுத்த மாட்டீர்கள். நூலகம் இன்னும் இரண்டு டர்னில் முடியும், அது முடியும்போது படை எல்லையை எட்டியிருக்கும், படை எட்டும்போது ஒரு புதிய தொழில்நுட்பம் கைக்கு வரும். எந்த டர்னிலும் எல்லாம் ஒருசேர முடிவதில்லை. இந்த வகையின் மறைசெலவு பணம் இல்லை, மறுநாள் காலை. சிவிலைசேஷன் 6-ல் சாதாரண வேகத்தில் ஓர் ஆட்டம் 500 டர்ன் வரை போகும், பிற்பகுதியில் ஒவ்வொரு டர்னும் நீளும். பத்து நாள் விட்டு வந்தால் அந்த இருபது நகரங்களில் எது எதற்காகக் கட்டப்பட்டது என்று கட்டியவருக்கே தெரியாது. நான் பாதியில் விட்ட ஆட்டங்கள் எல்லாம் இப்படி விட்டவைதான்.

## ஆர்பிஜியும் ஓப்பன் வேர்ல்டும்

நாயகனை வளர்த்துக்கொண்டே பெரிய உலகில் இஷ்டப்படி சுற்றும் வகை இது. விலைக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இதை யாரும் அடிக்க முடியாது. 2015-ன் தி விட்சர் 3 முதன்மைக் கதைக்கே 50 மணி நேரம் கேட்கும், மூலைமுடுக்கெல்லாம் பார்த்தால் 100-ஐத் தாண்டும். நிறுத்துவதும் சுலபம், பெரும்பாலான இடங்களில் சேவ் செய்யலாம்.

விலகித் திரும்புவதுதான் கஷ்டம். மூன்று வாரம் கழித்து, சேவ் செய்த ஆட்டத்தைத் திறக்கிறேன். மழை பெய்கிறது, குதிரை பக்கத்தில் நிற்கிறது, ஏதோ ஒரு பாதையின் நடுவில் இருக்கிறேன். எங்கே போய்க்கொண்டிருந்தேன்? பையில் 14 வகை மூலிகை, எதற்கு என்று தெரியாது. மந்திரம் போட எந்தப் பொத்தான்? சோதித்துப் பார்க்கும்போதே ஓநாய்க் கூட்டம் வந்துவிட்டது. இந்தத் தடுமாற்றம் செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த கேம் திறக்கும்போது கதை எதுவரை வந்தது என்று ஒரு குரல் சுருக்கமாகச் சொல்கிறது. கதையைச் சொல்கிறது, சரி. விரல்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

அதனால் வாரத்தில் மூன்று முறையாவது தொட முடியும் என்றால் ஆர்பிஜி, இல்லாவிட்டால் விடுமுறைக்கு எடுத்து வையுங்கள். விரல் வேகம் வேண்டாம் என்பவருக்கு 2023-ன் பால்டர்ஸ் கேட் 3 போல டர்ன் முறையில் சண்டை போடுபவை உண்டு. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மெனுவைத் திறந்தாலும் சண்டை நிற்காது. மணி அடித்தால் கேமைவிட்டே வெளியேற வேண்டும். நல்லவேளை, அந்த நிமிடம் வரை சேவ் ஆகியிருக்கும்.

பலர் கூடி விளையாடும் எம்எம்ஓ இந்தக் குடும்பத்தின் கூட்டுக்குடித்தனம். 2004-ல் வந்த வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் இன்றும் மாதச் சந்தாவில் ஓடுகிறது. ஆரம்ப நாட்களில் பெரிய தாக்குதலுக்கு 40 பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும். கல்யாணத்துக்கு நாள் குறிப்பது இதைவிடச் சுலபம்.

## ரோக்லைக்

நேரம் குறைந்தவருக்கு நான் முதலில் கை காட்டுவது இந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கப்படும் வழி, செத்தால் முதலிலிருந்து. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், முதலிலிருந்து தொடங்குவதால் ஞாபகம் வைத்துக்கொள்ள எதுவுமே இல்லை. இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அடுத்த முயற்சி முதல் அறையில்தான் தொடங்கும்.

2020-ன் ஹேட்ஸில் ஒரு முழு முயற்சி அரை மணி முதல் முக்கால் மணி. நடுவில் வெளியேறினாலும் அந்த அறையின் வாசலில் நிற்க வைக்கும். வேம்பயர் சர்வைவர்ஸில் 30 நிமிடம் தாக்குப்பிடித்தால் ஆட்டம் முடிந்தது. கை வேகமே வேண்டாம் என்றால் ஸ்லே தி ஸ்பயர், பலாட்ரோ போன்ற சீட்டு முறை ரோக்லைக்குகள் இருக்கின்றன. பெரும்பாலும் டிஸ்கில் சில ஜிபிக்குள் அடங்கிவிடும், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. கதை கேட்கும் ஆசை உள்ளவருக்கு இவற்றில் பல வெறுமையாகத் தெரியும். அதோடு, கைக்கு வரும் பொருட்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு உண்டு. நன்றாக ஆடியும் தோற்ற ராத்திரிகள் எனக்கு நிறைய. தோற்றால் மனசு கெட்டுப்போகிறவர் தள்ளி நிற்பது நல்லது.

## சிமுலேஷன், கட்டுமானம்

எரிக் பாரோன் என்ற ஒருவர் தனியாகவே உருவாக்கி 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். பயிருக்குத் தண்ணீர் ஊற்றி, மீன் பிடித்து, படுத்தால் சேவ். அவ்வளவு அழகாக வெட்டிய துண்டு. ஆனால் படுக்கையில் விழுந்தால்தான் சேவ் என்பதால், கேமுக்குள் மதியம் மூன்று மணியாக இருக்கும்போது அணைத்தால் அந்த நாள் போச்சு.

மைன்கிராஃப்ட், சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ், ஃபேக்டோரியோ எல்லாம் நிறுத்துவதற்குச் சுலபமானவை, அணைப்பதற்கு மனசு வராதவை. குழந்தைகளோடு சேர்ந்து விளையாட மைன்கிராஃப்டுக்கு இணையாக எனக்கு வேறு தெரியவில்லை.

விமானம், லாரி, கார் ஓட்டும் சிமுலேட்டர்களில் யானை மலிவு, அங்குசம்தான் விலை. கீபோர்டில் ஓட்டலாம்தான், ஓட்டிப் பாருங்கள், ஒரு வாரத்தில் ஸ்டீயரிங் தேட ஆரம்பிப்பீர்கள். 2020-ன் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் டிஸ்கில் மட்டும் 100 ஜிபிக்கு மேல் கேட்டது.

## பஸில், சாகசம்

சின்னவை, மலிவானவை, முடிந்துவிடுபவை. 2007-ன் போர்ட்டலை ஒரு மாலையில் முடிக்கலாம். 2018-ன் ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்னில் ஆளில்லாமல் கரை திரும்பிய கப்பலில் 60 பேருக்கு என்ன ஆனது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் கதியைச் சரியாக எழுதினால்தான் "சரி" என்று ஒப்புக்கொள்ளும், அதனால் குருட்டடி அடிக்க முடியாது. இப்படிப்பட்டவற்றை ஒரே ஒரு முறைதான் விளையாட முடியும். சிக்கிக்கொண்டு இணையத்தில் விடை தேடிய நொடியில் காசு போச்சு.

## சண்டை, பிளாட்ஃபார்மர், ரேசிங்

மூன்றும் கை விளையாட்டு, ஆட்டம் சில நிமிடம். 1991-ன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 முதல் சண்டை கேம்களின் அடிப்படை மாறவில்லை: எதிரே ஒருவர், தோற்றால் குறை சொல்ல அணி கிடையாது. ஒரே சோபாவில் இருவர் இருந்தால் இது சொர்க்கம், தனியாளுக்கு நீண்ட பயிற்சி. தாவித் தாவிப் போகும் பிளாட்ஃபார்மரில் விரல் ஒத்துழைக்காதவர்கள் 2018-ன் செலஸ்டைப் பாருங்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ள அதிலேயே வசதி வைத்திருக்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

## "இலவசம்" என்ற வகை

வகைப் பட்டியலில் இருக்காது, ஆனால் எல்லா வகைக்குள்ளும் புகுந்திருக்கும். 2012-ன் கேண்டி கிரஷில் ஐந்து உயிர், ஒன்று திரும்பி வர 30 நிமிடம். பொறுமை இல்லாதவரிடம் காசு வாங்கும் ஏற்பாடு அது. 2020-ன் கென்ஷின் இம்பாக்டில், நாயகர்களுக்கான குலுக்கலில் 90 முறை இழுப்பதற்குள் ஓர் ஐந்து நட்சத்திர நாயகர் உறுதி, ஆனால் நீங்கள் ஆசைப்பட்டவர்தான் முதலில் வருவார் என்று உறுதியில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-லேயே காசு கொடுத்துத் திறக்கும் லூட் பாக்ஸ்களை, அதாவது உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டிகளை, சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. தினமும் வந்தால் பரிசு என்று ஒரு கேம் கூப்பிட்டால், வராத நாளுக்கு அபராதம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வகை | குறைந்தபட்ச அமர்வு | நடுவில் நிறுத்த | மூன்று வாரம் கழித்து | மறைசெலவு |
|---|---|---|---|---|
| கதை ஷூட்டர் | 15 நிமிடம் | முடியும் | பரவாயில்லை | தலைசுற்றல், டிஸ்க் இடம் |
| ஆன்லைன் ஷூட்டர் | 20 முதல் 45 நிமிடம் | முடியாது | கை மழுங்கியிருக்கும் | நல்ல இணைப்பு |
| மோபா | ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் | முடியாது | விதியே மாறியிருக்கும் | மனநிம்மதி |
| டர்ன் ஸ்ட்ரேட்டஜி | 5 நிமிடம் (சொல்லிக்கொள்ளலாம்) | முடியும் | புதிதாகத் தொடங்குவதே மேல் | தூக்கம் |
| ஆர்பிஜி | அரை மணி | பெரும்பாலும் முடியும் | மிகக் கஷ்டம் | கூடுதல் பாகங்கள் |
| ரோக்லைக் | அரை மணி | பெரும்பாலும் முடியும் | எந்தச் சிக்கலும் இல்லை | தோல்வி |
| சிமுலேஷன் | 15 நிமிடம் | முடியும் | பரவாயில்லை | கருவிகள் |
| பஸில் | 10 நிமிடம் | முடியும் | தடயங்கள் மறந்திருக்கும் | ஒரு முறைதான் |

## யாருக்கு எது

கைக்குழந்தை உள்ள வீடு என்றால் ரோக்லைக் அல்லது டர்ன் ஸ்ட்ரேட்டஜி, அதுவும் மடியில் வைத்து விளையாடும் கைக்கருவி இருந்தால் இன்னும் நல்லது. கருவியை உறங்க வைத்துவிட்டால் எந்த கேமும் நின்றுவிடும், ஆன்லைன் தவிர. நீண்ட விடுமுறை வருகிறதென்றால் ஆர்பிஜியைத் தொட அதுதான் சமயம். தூரத்தில் பிரிந்துபோன நண்பர்களோடு வாரம் ஒருநாள் பேச ஒரு சாக்கு வேண்டுமா, ஆன்லைன் ஷூட்டரோ மோபாவோ சரி, கேம் இரண்டாம் பட்சம். இதுவரை விளையாடாத துணையோடு சேர்ந்து தொடங்க 2021-ன் இட் டேக்ஸ் டூ. இருவர் இல்லாமல் அதை விளையாடவே முடியாது, ஒருவர் வாங்கினால் போதும், நண்பரை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் முறை கன்ட்ரோலர் பிடிப்பவருக்கு ஒரு கட்டைவிரலால் நடக்கவும் மறு கட்டைவிரலால் பார்க்கவும் பழகவே ஒரு மாலை ஆகும். பொறுமையாக இருங்கள், கன்ட்ரோலரைப் பிடுங்காதீர்கள்.

வாங்கிய பிறகும் மனசு மாறலாம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷூட்டர், ரோக்லைக், சண்டை கேம் எல்லாம் 2 மணி நேரத்தில் தங்கள் முகத்தைக் காட்டிவிடும், தயங்காமல் சோதித்துப் பாருங்கள். ஸ்ட்ரேட்டஜி பாடம் சொல்லித்தருவதற்கே அந்த நேரம் போய்விடும். ஆர்பிஜி நிலைமை இன்னும் மோசம். போன முறை நான் ஒன்றைத் திறந்து, நாயகனுக்கு மூக்கு சரியாக அமைந்து, புருவத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்து நிமிர்ந்தபோது 50 நிமிடம் ஆகியிருந்தது.